கயிறு கட்டிய படிக்கட்டு

டிம்ப்னா டூஹிக்குக் கல்யாணம் என்றாலே பிடிக்காது. அயர்லாந்தின் லிமரிக் நகரில் பாதிப் பேருடைய கல்யாணப் படங்களை எடுத்தவள் அவள்தான்.

எங்கள் பத்திரிகையில் அவள் இருந்த காலத்தில் மட்டையும் பந்துமாக ஆடும் ஹர்லிங் ஆட்டம், ஆற்று வெள்ளம், தீ, வேலைநிறுத்தம், சவ ஊர்வலம் எல்லாவற்றையும் ஊர் அவள் கண் வழியாகத்தான் பார்த்தது. குட்டையான உருவம், ஆண்கள் போடும் பூட்ஸ், மீன் சந்தைக்கு ஏற்ற குரல். ஒருநாள் நிர்வாகம், இனிமேல் செய்தியாளர்களே கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டது. ஆசிரியர் அறைக்குள் போய் அவள் சொன்னதை அச்சில் போட முடியாது. வெளியே வந்து லென்ஸ்களைப் பையில் திணித்துக்கொண்டு போனாள். அடுத்த கோடையிலிருந்து கல்யாணங்கள்.

"மேட்ச்ல முப்பது பேர் ஓடுவான், மூஞ்சி முழுக்கச் சேறு. ஒருத்தன் வந்து என் தாடை ரெட்டையாத் தெரியுதுன்னு அழுதிருப்பானா?" என்பாள்.

ஆனால் வேலையில் கெட்டிக்காரி. வயதானவர்கள் களைத்துப் போவதற்குள் குடும்பப் படங்களை முடித்துவிடுவாள். எந்த மாமா எந்த மாமாவோடு பேசுவதில்லை என்பதைத் தேவாலய வாசலிலேயே மோப்பம் பிடித்து, அவர்களுக்கு நடுவில் ஒரு கன்னியாஸ்திரியை நிறுத்திவிடுவாள். நாற்காலி மேல் ஏறி நின்று அவள் ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மதுக்கடையில் ஒளிந்திருக்கும் மாப்பிள்ளைத் தோழன்கூடக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடி வருவான். சூப் ஆறுவதற்குள் படம் முடிந்துவிடும் என்பதால் ஹோட்டல்காரர்களுக்கு அவள்மேல் தனிப் பிரியம். ஆற்றோரத்துப் பெரிய ஹோட்டலில் கல்யாணம் பேச வருகிற பெண்களுக்கு முதலில் சொல்லப்படும் பெயர் அவளுடையதாக இருந்தது. அந்த ஹோட்டலின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஏன் என்பது கடைசியில் தெரியும்.

போன கோடையின் தொடக்கத்தில் அந்த ஹோட்டல் மேனேஜர் டெக்லன் ரோச் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டான். கல்யாணத்துக்கு முன்னால் வழக்கமாகப் பேசுகிற பேச்சுதான். எத்தனை மணிக்கு வருவாய், எங்கே நிறுத்தி எடுப்பாய், மழை பெய்தால் என்ன செய்வாய். பேச்சோடு பேச்சாக ஒன்று கேட்டான்.

"அந்தப் பொண்ணு வின்னி காஃபி... யாரு வீட்டுப் பொண்ணு அது?"

லிமரிக்கில் இந்தக் கேள்வி, இன்றைக்கு மழை வருமா என்பதைப் போல. பேருந்து நிறுத்தத்தில் கேட்பார்கள், மருத்துவரிடம் காத்திருக்கும்போது கேட்பார்கள், சாவு வீட்டில் பிணத்தைத் தாண்டிக் கேட்பார்கள். கேட்டால் வாய் தானாகவே பதில் சொல்லும். அப்பன் பெயர், அம்மா பிறந்த வீடு, எந்தத் தெரு, யாருக்கு யார் சித்தப்பா மகன். இங்கே பிறந்து வளர்ந்த யாருக்கும் அந்தப் பதிலை நிறுத்தத் தெரியாது. டிம்ப்னாவும் நிறுத்தவில்லை.

"மைலி காஃபியோட பொண்ணு. குதிரைச் சந்தையில பார்த்திருப்பியே, பெரிய மீசை. அம்மா பெர்னி, ஹார்ட்டி வீட்டுல பிறந்தவ. தோழிப் பொண்ணுங்க மட்டும் ஒரு படையே வருது டெக்லன், உன் பெரிய படிக்கட்டு எனக்கு முழுசா வேணும்."

அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். "அப்படியா. ரொம்ப நல்லது," என்றான் டெக்லன்.

சாயங்காலம் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தபோதுதான் அந்த மௌனம் அவளுக்கு உறைத்தது. கத்தியைத் தொட்டிக்குள் வீசினாள்.

காஃபி குடும்பம் டிராவலர் குடும்பம். வண்டியும் குதிரையுமாகச் சாலையிலேயே வாழ்ந்த பரம்பரை. இப்போது பெரும்பாலும் வீடுகளில்தான் இருக்கிறார்கள். அதே தேவாலயம், அதே பெயர்கள், அதே மழை. ஆனால் கடைக்குள் போனால், திருடுவார்களோ என்று பின்னாலேயே ஆள் நடப்பான். மதுக்கடையில் இன்றைக்கு இடமில்லை என்பார்கள். ஹோட்டலில் கல்யாணத்துக்குப் பதிவு செய்தால் திடீரென்று தண்ணீர்க் குழாய் வெடிக்கும். ஆள் பார்த்து இடம் மறுப்பது சட்டப்படி தப்பு. அதனால்தான் இந்த ஊரில் இத்தனை குழாய்கள் வெடிக்கின்றன. வெறும் காஃபி என்றால் யாராகவும் இருக்கலாம். மைலி, பெர்னி, ஹார்ட்டி என்று சேர்த்துச் சொன்னால் லிமரிக்கில் யாருக்கும் அதற்குமேல் எதுவும் தேவையில்லை.

மறுநாள் காலை மருந்துக் கடை திறந்தபோதே டிம்ப்னா வாசலில் நின்றாள். வின்னி அங்கேதான் வேலை பார்க்கிறாள். வெள்ளை மேலங்கி, இழுத்துக் கட்டிய முடி, யாரையும் நிமிர்ந்து பார்க்கிற கண். ஹோட்டலை அவள், வீட்டுப் பேச்சின் சாயல் இல்லாமல் வாடிக்கையாளர்களிடம் பேசுகிற கடைக் குரலில்தான் பதிவு செய்திருந்தாள். இடம் பார்க்கப் போனபோது அதே மேலங்கியில் போயிருந்தாள். பொய் ஒன்றும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

டிம்ப்னா நடந்ததைச் சொன்னாள். வின்னி மருந்துப் பையில் சீட்டு ஒட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்லிட்டீங்க."

"சொல்லிட்டேன். வாயில அறைஞ்சுக்கலாம் போல இருக்கு."

"அறைஞ்சுக்காதீங்க, கல்யாணத்தன்னிக்குப் படம் எடுக்கணும்ல நீங்க," என்றாள் வின்னி. சிரிக்கவில்லை. கைபேசியை எடுத்து, காலையில் வந்திருந்த குரல் பதிவைப் போட்டுக் காட்டினாள். டெக்லனின் குரல் தேன் மாதிரி வழிந்தது. மன்னிக்கணும், விருந்து மண்டபத்தின் கூரையில் நீர்க்கசிவு, கோடை முழுக்கப் பழுது பார்க்க வேண்டியிருக்கும்.

டிம்ப்னா அங்கேயே கத்தத் தொடங்கினாள். இருமல் மருந்து வாங்க வந்த கிழவர் வாங்காமலே போய்விட்டார். வின்னி அவளைக் கைபிடித்து வெளியே கூட்டிப்போய், மதிய இடைவேளையில் ஹோட்டலுக்குப் போகலாம், அம்மாவையும் வரச்சொல்கிறேன் என்றாள்.

மூன்று பேருமாகப் போனார்கள். பெர்னி காஃபி தேவாலயத்துக்குப் போடும் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வரவேற்பில் யாரையும் கேட்காமல் டிம்ப்னா நேராக மண்டபக் கதவைத் திறந்தாள். விளக்குகள் எல்லாம் எரிந்தன. ஏதோ கோல்ஃப் சங்கத்து விருந்துக்கு மேசைகள் விரித்து, நாப்கின்களை அன்னம் மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். கூரையில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. அவள் கேமராவை எடுத்துக் கூரையைப் படம் எடுத்தாள், ஒவ்வொரு மூலையாக.

டெக்லன் ஓடிவந்தான். டிம்ப்னாவைப் பார்த்துப் பேசினான். மற்ற இருவரும் அங்கே நிற்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. முதலாளிகள் டப்ளினில் இருக்கிறார்கள், என் கையில் என்ன இருக்கிறது, காப்பீட்டுக்காரர்கள் கெடுபிடி செய்கிறார்கள் என்றெல்லாம் சொன்னான்.

பெர்னி தலையை அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். "எங்க வண்டிக் கூரைகூட இவ்வளவு காஞ்சு நான் பார்த்ததில்ல சார். அந்தக் கோல்ஃப் ஐயாமாருங்க குடையோட வர்றாங்களா?"

"நீ என்கிட்ட கேட்ட கேள்வியை நீதிமன்றத்துல அப்படியே சொல்லுவேன் டெக்லன்," என்றாள் டிம்ப்னா. "நீ கேட்ட குரல்லயே சொல்லுவேன்."

டெக்லனின் முகம் சிவந்தது. அப்போதுதான் வின்னி வாய் திறந்தாள். கடைக் குரல்.

"எனக்கு கேஸ் வேண்டாம், மிஸ்டர் ரோச். எனக்கு இந்த ரூம் வேணும்."

அவன் முதல்முறையாக அவளைப் பார்த்தான். பிறகு நிபந்தனைகள் சொன்னான். வாசலில் காவல் ஆட்கள் இருப்பார்கள். விருந்தினர் பெயர்கள் முன்கூட்டியே வர வேண்டும். இசை சீக்கிரம் நின்றுவிடும். வேறெந்தக் கல்யாணக் குடும்பத்திடமும் அவன் இப்படிப் பேசியிருக்க முடியாது. வின்னி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். டிம்ப்னா ஒவ்வொன்றுக்கும் வாயெடுக்க, பெர்னி அவள் முழங்கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

கார் நிறுத்துமிடத்தில் டிம்ப்னா தன் காரின் சக்கரத்தை எட்டி உதைத்தாள். ஏன் ஒத்துக்கொண்டாய், அவன் கழுத்தைப் பிடித்திருக்கலாமே என்றாள்.

"எனக்கு ஒரு நாள் வேணும் டிம்ப்னா," என்றாள் வின்னி. "எங்க அக்கா கல்யாணத்தன்னிக்கு வேற ஒரு ஹோட்டல் வாசல்ல இதே மாதிரி கத்திக்கிட்டு நின்னோம். அப்பா கத்தினாரு, சித்தப்பா கத்தினாரு. கடைசில விளையாட்டு மைதானக் கொட்டகையில சாண்ட்விச் சாப்பிட்டோம். அவ படத்துல எல்லாரும் அழுதுகிட்டே இருக்கோம். கத்துறதுக்கு மீதி வாழ்நாள் பூரா கிடக்கு. அந்த ஒரு நாள் நீங்க கத்தக் கூடாது. முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆளைப் பார்க்கிறேன்."

டிம்ப்னா வாழ்க்கையில் அப்படி ஒரு வாக்கு யாருக்கும் கொடுத்ததில்லை. அன்று கொடுத்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பெர்னி, ஊர் வழக்கப்படி, குழந்தை இயேசு சிலையைத் தோட்டத்து வேலிக்கடியில் வெளியே வைத்தாள், மழை வராமலிருக்க. மழை வரவில்லை. "மழைக்கு அவரு போதும். மேனேஜருக்கு வேற யாரையாவது வைக்கணும்," என்றாளாம்.

தேவாலயத்திலிருந்து கார்கள் ஹோட்டலுக்கு வந்தபோது வாசலில் கறுப்பு உடையில் காவல் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். உள்ளே போகிற ஒவ்வொருவரையும், குழந்தைகளைக்கூட, எண்ணினார்கள். மைலி காஃபி தொப்பியைக் கழற்றி, "ஆட்டை எண்ணுறப்போ நாங்க மை தடவுவோம் தம்பி, அப்பதான் ரெண்டு தரம் எண்ண மாட்ட," என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஹோட்டலுக்குள் இருந்த மதுக்கடையின் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. குழாய் பழுது என்று அட்டை தொங்கியது. வரவேற்பு பானம் பிளாஸ்டிக் டம்ளர்களில் வந்தது. பக்கத்து அறையில் தங்கியிருந்த ஜெர்மன் சுற்றுலாக்காரர்கள் கண்ணாடிக் கோப்பையில் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

டிம்ப்னா பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தாள். டம்ளர்கள் படத்தில் விழாதபடி கைகளைத் தாழ்த்தச் சொன்னாள். காவல்காரர்கள் பின்னணியில் வராதபடி ஆட்களை நகர்த்தினாள். காவல்காரர்களும் கூடவே நகர்ந்தார்கள். அவள் எங்கே கேமராவைத் திருப்பினாலும் அங்கே ஒரு கறுப்புச் சட்டை வந்து நின்றது.

பிறகு படிக்கட்டுக்கு வந்தார்கள். அந்த ஹோட்டலில் கல்யாணம் செய்கிற எந்தப் பெண்ணும் அந்தப் படிக்கட்டுக்காகத்தான் செய்கிறாள். உயர்ந்த ஜன்னலிலிருந்து ஆற்று வெளிச்சம் அதில் இறங்கும். கீழ்ப்படியில் குறுக்கே தடித்த சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. நடுவில் காகிதம்: பெயின்ட் ஈரம்.

டிம்ப்னா கட்டைவிரலைக் கைப்பிடியில் அழுத்தித் தேய்த்து, விரலைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. அவள் கை கயிற்றின் கொக்கிக்குப் போயிற்று. ஒரு காவல்காரன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

கூட்டம் சட்டென்று அமைதியானதாம். நான் அங்கே இல்லை; ஆனால் நிறையக் கூட்டங்களைப் பார்த்தவன். அடிதடிக்கு முந்தைய அந்த அமைதி எனக்குத் தெரியும். பின்னாலிருந்து வின்னியின் சித்தப்பா மகன்கள் கோட்டைக் கழற்றத் தொடங்கினார்கள் என்று பெர்னி பிறகு என்னிடம் சொன்னாள். மாடி வளைவில் டெக்லன் நின்றான், கையில் தொலைபேசியுடன். ஒரு அடி விழுந்தால் போலீஸைக் கூப்பிட்டுக் கல்யாணத்தை நிறுத்திவிடலாம்; அவன் காலையிலிருந்து காத்திருந்தது இதற்குத்தான்.

"கையை எடுங்க டிம்ப்னா," என்றாள் வின்னி. "எல்லாரும் கோட்டைப் போடுங்க. வெளிய போறோம். படம் வெளியதான்."

வெள்ளைப் பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். வந்த வழியே, எண்ணியவர்களைத் தாண்டி, முழுக் குடும்பமும் பின்னால் போயிற்று. டிம்ப்னா வரவேற்பிலிருந்த பட்டு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்த் தெரு நடுவில் போட்டு, பூட்ஸோடு அதன்மேல் ஏறினாள்.

எங்கள் அலுவலகம் அந்தத் தெருமுனையில்தான். கார் ஹாரன்களைக் கேட்டுத்தான் நான் இறங்கி ஓடினேன். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. ஹோட்டல் முகப்பில் தங்க எழுத்தில் அதன் பெயர். அதன் கீழே, நடைபாதை தாண்டிச் சாலை வரைக்கும், காஃபிகளும் ஹார்ட்டிகளும். கிழவிகளுக்குத் தோழிப் பெண்கள் தங்கள் பூங்கொத்துகளைக் கொடுத்து முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். பேருந்தின் மேல்தளத்தில் ஜன்னலைத் திறந்து யாரோ கைதட்டினார்கள். இன்னொருவன், "கூடாரத்துக்குப் போங்கடா," என்று கத்தினான். மாப்பிள்ளையின் தலை திரும்பியது. வின்னி அவன் கன்னத்தைப் பிடித்து கேமரா பக்கம் திருப்பினாள்.

போலீஸ் கார் வந்தது. கலாட்டா என்று ஹோட்டலிலிருந்து யாரோ கூப்பிட்டிருந்தார்கள். இறங்கியவன் மீசை முளைக்காத இளைஞன். நீ யாரு வீட்டுப் பிள்ளை என்று கேட்க டிம்ப்னாவுக்கு வாய் வந்துவிட்டது. அதை அவள் விழுங்கியதை நான் பார்த்தேன்.

"இங்க என்ன பிரச்சினை, மேடம்?" என்றான் அவன்.

"படம் எடுக்கிறேன். கலாட்டான்னு சொன்ன ஆளு அந்தக் கண்ணாடிக்குப் பின்னால நிக்கிறான், போய்க் கேளு. இல்லை, அந்த பஸ்ஸை நீ அங்கேயே பிடிச்சு வெச்சீன்னா நான் சீக்கிரம் முடிச்சிடுவேன்."

அவன் கூட்டத்தைப் பார்த்தான். முன்வரிசையில் பூங்கொத்துப் பிடித்த கிழவிகளைப் பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் டெக்லனைப் பார்த்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்ப் பேருந்தின் முன் கையைத் தூக்கி நின்றான்.

டிம்ப்னா எடுத்தாள். கத்தாமல்தான் எடுத்தாள் என்று சொல்ல முடியாது. மைலியின் மீசையைப் பூ மறைக்கிறது என்று கத்தினாள். வின்னி அதை மன்னித்துவிட்டாள்.

பிறகு உள்ளே போனார்கள். சாப்பாடு, பேச்சுகள், முதல் நடனம், சீக்கிரம் நின்ற இசை. இசை நின்றபின் பெர்னியின் தங்கை எழுந்து தனியாகப் பாடினாள். அதை நிறுத்தச் சொல்ல எவனுக்கும் தைரியம் வரவில்லை. ஒரு கோப்பை உடையவில்லை. பிளாஸ்டிக் உடையாதே என்பாள் டிம்ப்னா.

நான் அன்று பார்த்ததை எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் படித்துவிட்டு, நல்லா இருக்கு, ஆனால் இது செய்தியா என்று கேட்டார். அந்த ஹோட்டல் வாராவாரம் எங்களுக்குக் கொடுக்கிற விளம்பரம் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று எனக்கும் தெரியும். கட்டுரை வரவில்லை. அந்த இடத்தில் கோல்ஃப் சங்கத்தின் இன்னொரு விருந்துப் படம் வந்தது, அதே நாப்கின் அன்னங்களோடு.

இதெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து டெக்லன் டிம்ப்னாவைக் கூப்பிட்டான். பழைய தேன் குரல். அந்தக் கல்யாணத்துக்காக பெர்னியும் தங்கைகளும் மண்டபத்தைத் தாங்களே அலங்கரித்திருந்தார்கள்; கூரையிலிருந்து மேசை வரைக்கும் வெள்ளைப் பூ இறங்கியது. அந்த மண்டபம் அவ்வளவு அழகாக இருந்து யாரும் பார்த்ததில்லை. ஹோட்டலின் இணையதளத்தில் போட ஒரு படம் வேண்டுமாம்.

"ஆளுங்க உள்ள வர்றதுக்கு முன்னால எடுத்திருப்பியே, அதுல ஒண்ணு குடு. ஆளுங்க வேண்டாம்."

டிம்ப்னா தொலைபேசியில் சொன்னதை எழுத முடியாது. கடைசியாக, படம் அந்தப் பெண்ணுடையது, அவளிடமே கேள் என்றாள். அவனால் நேரில் கேட்க முடியவில்லை. வின்னிக்கு மின்னஞ்சல் அனுப்பினான், வாழ்த்துகளுடன்.

வேலை முடிந்து வின்னி டிம்ப்னாவின் வீட்டுக்கு வந்தாள். மேலங்கியைக்கூட மாற்றவில்லை. சமையலறை மேசையில் கல்யாணப் படங்கள் பரப்பிக் கிடந்தன. அவள் உட்காரவில்லை. தெருவில் எடுத்த படத்தைக் கையில் எடுத்து வெகு நேரம் பார்த்தாள். பிறகு பூ இறங்கும் வெறும் மண்டபத்தின் படத்தை.

"அம்மா ரெண்டு நாள் முழிச்சுக் கட்டின பூ," என்றாள்.

டிம்ப்னா திட்ட வந்ததை அடக்கிக்கொண்டு, தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். அது அவளுக்குச் சுலபமில்லை.

"அன்னிக்கு எனக்கு கேஸ் வேண்டாம்னு சொன்னேன். ரூம் வேணும்னு சொன்னேன். கேஸ் போட்டிருந்தா ரூம் கிடைச்சிருக்காது." வின்னியின் கடைக் குரல் போய்விட்டிருந்தது, அம்மாவின் குரல் வந்திருந்தது, வேகமும் கரகரப்புமாக. "ரூம் கிடைச்சிடுச்சு. என் நாளும் முடிஞ்சிடுச்சு. இனிமே என்கிட்டேருந்து எடுத்துக்க அவன்கிட்ட ஒண்ணுமில்ல. கூரையை எடுத்த படம் வெச்சிருக்கீங்களா?"

"மூலை மூலையா."

"அன்னிக்கு அவன் கேட்டதைச் சொல்லுவீங்களா, நீதிமன்றத்துல? சொன்னா இந்த ஊர்ல எந்த ஹோட்டலும் உங்களைக் கூப்பிடாது. அதையும் யோசிச்சுக்கங்க."

"கல்யாணம்னாலே எனக்குப் பிடிக்காது," என்றாள் டிம்ப்னா.

மறுநாள் இரண்டு பேருமாக வழக்கறிஞரிடம் போனார்கள். பெர்னி வேண்டாம் என்றாள், அழுதாள், பிறகு நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு அவளும் போனாள். ஆற்றோரத்து ஹோட்டலில் இப்போது வேறு யாரோ படம் எடுக்கிறார்கள். மற்ற ஹோட்டல்களிலும் டிம்ப்னாவின் தொலைபேசி எண் காணாமல் போய்விட்டது. அவள் மறுபடி ஹர்லிங் மைதானங்களில் சேற்றில் நிற்கிறாள், சின்னக் குழுக்களுக்குப் படம் எடுத்துக்கொண்டு.

வழக்கு வரும் இலையுதிர் காலத்தில் விசாரணைக்கு வருகிறது; அதுவரை அந்த ஹோட்டலின் பெயரை நான் எழுதக் கூடாது. சாட்சிக் கூண்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், குரலை உயர்த்தக் கூடாது, கோபப்படக் கூடாது என்று வழக்கறிஞர் அவளுக்கு மூன்று தடவை சொல்லியிருக்கிறார். என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"குரலை உயர்த்த மாட்டேன்னு சொல்லியிருக்கேன்," என்றாள். "மத்த ரெண்டுக்கும் வாக்குக் குடுக்கல."